தொகையும் காரணமும்: பொதுச் சேவை ஒலிபரப்பில் ஊதிய வெளிப்படைத்தன்மை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதழியல் அறம் சார்ந்த எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் எனக்கு இடம் கொடுத்தார்கள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கின்றன, எந்த அடிப்படையில் கொடுக்கின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டேன். பிரிட்டனின் பிபிசியையும் அயர்லாந்தின் ஆர்டிஈயையும் வைத்தே பெரும்பாலும் பேசப்போகிறேன். கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது அந்த இரண்டு இடங்களில்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சம்பளத் தொகையை வெளியிடுவது பாதி வேலை. அந்தத் தொகை எப்படி முடிவானது என்ற காரணத்தை அன்றைக்கே எழுதிவைத்து, கேட்டால் எடுத்துக் காட்டும் நிலையில் இருப்பது மறுபாதி. முதல் பாதி மட்டும் நடந்தால் ஒரு வாரத்துப் பரபரப்பு மிஞ்சும். மறுபாதியும் நடந்தால்தான் கேட்டவருக்கு நியாயம் கிடைக்கும்.

யாருடைய பணம்?

பிபிசி 1922இல் ஒரு தனியார் கம்பெனியாகத் தொடங்கியது. 1927 ஜனவரி 1 முதல் அரச சாசனத்தின்கீழ் பொது நிறுவனமானது. தொடக்க காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்க ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2017இல் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 147 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டாக உயர்ந்தது.

இந்தக் கட்டணத்துக்கு வருமான வரம்பு கிடையாது. மாளிகையில் இருப்பவருக்கும் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கும் ஒரே தொகைதான். கட்டாமல் நேரலைத் தொலைக்காட்சி பார்த்தால் அது குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். 75 வயது கடந்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து உரிமம் இலவசமாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 1 முதல், அரசின் வறியோர் ஓய்வூதிய உதவி பெறுபவர்களைத் தவிர மற்ற முதியவர்கள் எல்லோரும் மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. அந்த உதவிக்கான வரம்பைக் கொஞ்சம் தாண்டியதால் சலுகையை இழந்த ஒரு மூதாட்டியை நினைத்துப்பாருங்கள். தன் காசு எங்கே போகிறது என்று கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

இந்தப் பணத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறை இந்த அரங்கிலேயே இருக்கிறது. தமிழோசையை நடத்திய பிபிசி உலக சேவைக்கு நெடுங்காலம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை பணம் கொடுத்துவந்தது. 2014 ஏப்ரல் முதல் அந்தச் செலவின் பெரும்பகுதி உரிமக் கட்டணத்துக்கு மாறியது. அதன்பின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் முடியும் வரை, பிரிட்டனின் சாதாரண வீடுகள் கட்டிய பணத்தில்தான் நாமும் செய்தி கேட்டோம்.

கதவு திறந்த விதம்

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே தகவல் சுதந்திரச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இதழியல், கலை, இலக்கியம் ஆகியவற்றுக்காக வைத்திருக்கும் தகவல்களைப் பொறுத்தவரை பிபிசிக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. செய்தி ஆதாரங்களைக் காக்க அந்த விலக்கு அவசியம். நட்சத்திரத் தொகுப்பாளர்களின் சம்பளக் கேள்விகளும் அதே விலக்கின் நிழலில் நெடுநாள் ஒதுங்கிக்கிடந்தன.

பொதுமக்களின் பொறுமை முதலில் உடைந்தது அதிகாரிகளின் விஷயத்தில். 2012 நவம்பரில் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விஸில் பதவியேற்ற 54 நாளில் விலகினார். அவருக்கு ஓராண்டுச் சம்பளமான 4,50,000 பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். தானாக விலகினால் ஒப்பந்தப்படி அவருக்கு உரியது அதில் பாதிதான். அடுத்த ஆண்டு தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கைப் புரட்டியது. மூன்று ஆண்டுகளில் 150 மூத்த அதிகாரிகளுக்கு விலகல் பணமாக 2.5 கோடி பவுண்டு போயிருந்தது. பலருக்கு ஒப்பந்தத்தில் சொன்னதைவிடக் கூடுதலாகவே கொடுத்திருந்தார்கள். ஏன் கூடுதல் என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கேட்டபோது, முடிவெடுத்தவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். புதிய தலைமை இயக்குநர் டோனி ஹால் விலகல் பணத்துக்கு 1,50,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்.

2017இல் நடப்புக்கு வந்த புதிய சாசனத்துக்கான பேச்சு இந்தப் பின்னணியில்தான் நடந்தது. 4,50,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்களின் பெயரை வெளியிட்டால் போதும் என்பது 2016 மே மாத அரசு வெள்ளை அறிக்கையின் நிலை. தெரசா மே பிரதமரானதும் அந்த வரம்பு 1,50,000 ஆக இறங்கியது. இப்படிச் செய்தால் போட்டி நிறுவனங்கள் எங்கள் ஆட்களை எளிதாக இழுத்துக்கொள்ளும் என்று பிபிசி எதிர்த்தது. எதிர்ப்பு எடுபடவில்லை.

பட்டியல் சொன்னது

2017 ஜூலை 19 அன்று 96 பெயர்கள் வெளிவந்தன. முதலிடம் வானொலித் தொகுப்பாளர் கிறிஸ் எவன்ஸ்: 22 லட்சம் பவுண்டுக்கு மேல். அன்றைய கட்டணப்படி ஏறத்தாழ 15,000 வீடுகளின் ஓராண்டு உரிமக் கட்டணம் அது. அடுத்தவர் விளையாட்டுத் தொகுப்பாளர் கேரி லினேக்கர்: 17.5 லட்சத்துக்கு மேல். நட்சத்திரங்கள் இவ்வளவு வாங்குகிறார்களா என்று மக்கள் கொதிப்பார்கள் என்றுதான் பட்டியலைக் கேட்ட அரசியல்வாதிகளும் எதிர்பார்த்தார்கள், தடுக்க முயன்ற பிபிசியும் எதிர்பார்த்தது.

பட்டியலை ஒருவர் இன்னொரு கண்ணோடு படித்தால் வேறொன்று தெரிந்தது. முதல் ஏழு இடங்களிலும் ஆண்கள். பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். அதிக ஊதியம் பெற்ற பெண்ணான கிளாடியா விங்கிள்மனுக்கு 4,50,000 முதல் 5,00,000 பவுண்டு வரை. கிறிஸ் எவன்ஸ் வாங்கியதில் கால் பங்குக்கும் குறைவு. வெள்ளையரல்லாதவர்களில் உச்சத்தில் இருந்த மூவரில் ஒருவர் ஜார்ஜ் அழகையா, கொழும்பில் பிறந்த தமிழர். மாலை ஆறு மணிச் செய்தியின் முகமாகப் பிரிட்டன் முழுக்க அறியப்பட்ட அவருக்கு 2,50,000 முதல் 3,00,000 வரை. இரவு பத்து மணிச் செய்தி வாசித்த ஹியூ எட்வர்ட்ஸுக்கு 5,50,000க்கு மேல்.

கட்டணம் கட்டுபவர்கள் பார்ப்பதற்காக வெளியிட்ட பட்டியலை மிகக் கவனமாகப் படித்தவர்கள் பக்கத்து இருக்கைக்காரர்கள். ஊதிய வெளிப்படைத்தன்மை என்றால் மேலே இருப்பவர்களின் சம்பளத்தைக் குறைக்கும் சாட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் முதன்மையான பயன் அதுவன்று. தனக்கு அநீதி நடக்கிறதா இல்லையா என்பதை ஓர் ஊழியர் தெரிந்துகொள்ள முடிவதே அதன் முதல் பயன். ஒப்பிடுவதற்கு ஒரு தொகை கையில் இல்லாதவரை சம ஊதியச் சட்டம் ஏட்டில் தூங்கும். பிரிட்டனில் அந்தச் சட்டம் 1970இலேயே வந்துவிட்டது. பிபிசியின் பெண்கள் தங்கள் ஊதியத்தை ஒப்பிட்டுப் பார்க்க 2017 வரை காத்திருந்தார்கள்.

பட்டியலில் இல்லாத பெயர்

அந்தப் பட்டியலில் கேரி கிரேஸியின் பெயர் இல்லை. 1987இல் பிபிசியில் சேர்ந்தவர். சீன மொழியில் தேர்ச்சி பெற்றவர். 2013இல் பிபிசியின் முதல் சீனா ஆசிரியராகப் பெய்ஜிங் போனார். அவரோடு சேர்த்து அன்று சர்வதேச ஆசிரியர்கள் நால்வர்: இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பட்டியலில் வட அமெரிக்கா ஆசிரியர் ஜான் சோபல் 2,00,000க்கு மேல் இருந்தார். மத்தியக் கிழக்கு ஆசிரியர் ஜெரமி போவன் 1,50,000க்கு மேல் இருந்தார். ஐரோப்பா ஆசிரியர் கேட்யா ஆட்லரும் கேரி கிரேஸியும் 1,50,000 வரம்பைத் தொடவே இல்லை. கிரேஸியின் ஊதியம் 1,35,000.

நால்வருக்கும் ஒரே ஊதியம் கொடுங்கள் என்று கிரேஸி கேட்டார். அவருக்கு மட்டும் 1,80,000 தருகிறோம் என்றது நிர்வாகம். தனக்கு ஏற்கெனவே கிடைப்பது நல்ல சம்பளம்தான், கூடுதல் பணம் வேண்டாம், சமம்தான் வேண்டும் என்று சொல்லி மறுத்தார். 2018 ஜனவரியில் சீனா ஆசிரியர் பதவியிலிருந்து விலகி, உரிமக் கட்டணம் கட்டும் மக்களுக்கே ஒரு திறந்த மடல் எழுதினார். தன் முதலாளி யார் என்பதில் அவருக்கு இருந்த தெளிவை இதழியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாத இறுதியில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சொன்ன ஒரு விவரத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஊதிய வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டபோது, முதல் சில ஆண்டுகள் அவர் இன்னும் வேலையில் தேறிக்கொண்டிருந்தார் என்று நிர்வாகம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதவிக்கு வரும்போதே கால் நூற்றாண்டு அனுபவம் உள்ளவரைப் பற்றி வந்த பதில் இது. அவரை நியமித்த நாளில் அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேள்வி வந்த பிறகு தேடி எடுத்த காரணம் எப்படியிருக்கும் என்பதற்கு இது சான்று. 2018 ஜூனில் பிபிசி அவரிடம் மன்னிப்புக் கேட்டது, நிலுவையையும் கொடுத்தது. அந்தப் பணம் முழுவதையும் பெண்கள் உரிமைக்காகப் பாடுபடும் ஃபாசெட் சங்கத்துக்கு அவர் கொடுத்துவிட்டார்.

இரண்டு கால்மணி நேர நிகழ்ச்சிகள்

இன்னொரு வழக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘நியூஸ்வாட்ச்’ என்பது பிபிசி செய்திகளைப் பற்றி நேயர்கள் அனுப்பும் கருத்துகளை எடுத்துப் பேசும் நிகழ்ச்சி. தொகுப்பாளர் சமீரா அகமது. ‘பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ’ என்பது பிபிசி நிகழ்ச்சிகளைப் பற்றி நேயர்கள் அனுப்பும் கருத்துகளை எடுத்துப் பேசுவது. தொகுப்பாளராக இருந்தவர் ஜெரமி வைன். இரண்டும் கால்மணி நேரம். ஒரு நிகழ்ச்சிக்குச் சமீராவின் ஊதியம் 440 பவுண்டு. வைனின் ஊதியம் 3,000 பவுண்டு. ஏறத்தாழ ஏழு மடங்கு.

சமீரா வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார். சட்டம் அங்கே எப்படி வேலை செய்கிறது என்றால், இரண்டும் ஒத்த வேலை என்று காட்டிவிட்டால் போதும். ஊதிய வேறுபாட்டுக்குப் பாலினம் காரணமல்ல, வேறு காரணம் உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு அதன்பின் முதலாளியின் தலையில் விழுகிறது. பிபிசி பல காரணங்களை அடுக்கியது. ஒன்று செய்தி, மற்றது பொழுதுபோக்கு. வைனின் நிகழ்ச்சிக்குக் கண்ணில் ஒரு குறும்பு மின்ன வேண்டும், அது தனித்திறமை. இப்படி.

தீர்ப்பாயம் கண்ணில் மின்னும் குறும்பையும் விட்டுவைக்கவில்லை. எழுதிக்கொடுத்த வசனத்தில் எந்த இடத்தில் கண்ணை உருட்ட வேண்டும் என்று இருக்கிறதோ, அந்த இடத்தில் உருட்டினால் போதும். அதற்குத் தனித் திறமையோ அனுபவமோ தேவைப்படவில்லை என்று கண்டது. இரண்டு நிகழ்ச்சிகளின் தொனியிலும் இருந்த சிறு வேறுபாடு வேலையின் தன்மையை மாற்றவில்லை என்றது. 2020 ஜனவரி 10 அன்று வந்த ஒருமனதான தீர்ப்பில் சமீரா வென்றார். திரையில் தோன்றுபவர்களின் ஊதியத்தை மதிப்பிட்டு முடிவுசெய்ய வெளிப்படையான, ஒரே சீரான நடைமுறை பிபிசியிடம் இருக்கவில்லை என்று தீர்ப்பில் சுட்டிக்காட்டப்பட்டது.

என் மொத்த வாதமும் அந்த ஒரு குறிப்பில் அடங்கியிருக்கிறது. 440 என்பதையும் 3,000 என்பதையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில் முடிவுசெய்தார். அன்றைக்கு ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தால் வழக்கில் அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். எழுதவே முடியாத காரணமாக இருந்திருந்தால், எழுத உட்கார்ந்த அன்றே தொகை மாறியிருக்கும். காரணத்தை எழுதவைப்பது முடிவெடுப்பவரின் கையைப் பிடித்து ஒருகணம் நிறுத்துகிறது. தீர்ப்பாயம் ஏழெட்டு ஆண்டு கழித்துச் செய்ய வேண்டியதை ஒரு தாள் அன்றே செய்துவிடும்.

2020 நவம்பரில் சமத்துவ, மனித உரிமை ஆணையம் பிபிசியைப் பற்றி வெளியிட்ட விசாரணை அறிக்கையும் இங்கேதான் வந்து நிற்கிறது. தான் ஆராய்ந்தவற்றில் சட்டமீறல் எதையும் ஆணையம் காணவில்லை. ஊதிய முடிவுகள் பற்றிய ஆவணங்கள் குறைவாக இருந்ததையும், புகார்கள் இழுபட்டதையும் அது குறை சொன்னது.

டப்ளினில் உடைந்த நம்பிக்கை

அயர்லாந்தின் ஆர்டிஈ நெடுங்காலமாகவே தன் உச்ச ஊதியக்காரர்களின் தொகையை வெளியிட்டுவந்த நிறுவனம். ஆண்டுக்கு 160 யூரோ உரிமக் கட்டணமும் விளம்பர வருமானமும் அதன் முதுகெலும்பு. ‘லேட் லேட் ஷோ’ நிகழ்ச்சியை நடத்திய ரயன் டப்ரிடி அதன் முதன்மை நட்சத்திரமாக இருந்தார். 2023 ஜூன் 22 அன்று ஆர்டிஈ ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. 2017 முதல் 2022 வரை அவருக்குக் கொடுத்ததாக அறிவித்த தொகை, உண்மையில் கொடுத்ததைவிட 3,45,000 யூரோ குறைவு.

அது வெளிப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். வழக்கமான ஆண்டுத் தணிக்கையில் இரண்டு விலைப்பட்டியல்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் 75,000 யூரோ. ஆலோசனைக் கட்டணம் என்று எழுதியிருந்தது. பணம் போன வழி பண்டமாற்றுக் கணக்கு. விளம்பர நேரத்தைக் கொடுத்து அதற்கு ஈடாகப் பொருளையும் சேவையையும் வாங்கிக்கொள்ளும் அந்தக் கணக்கு, வழக்கமான செலவுப் பதிவேட்டின் கண்காணிப்புக்கு வெளியே இருந்தது. நாடாளுமன்றக் குழுக்கள் தோண்டத் தோண்ட, கோடை விருந்துக்காக ஏறத்தாழ 5,000 யூரோவுக்கு ரப்பர்ச் செருப்பு வாங்கியது வரை வெளியே வந்தது. தலைமை இயக்குநர் டீ ஃபோர்ப்ஸ் பதவி விலகினார். மக்கள் உரிமக் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். வருமானம் கோடிக்கணக்கில் சரிந்தது, அரசு கைகொடுக்க வேண்டியிருந்தது. அங்கே நிகழ்ச்சிகளுக்கு எழுதிய, ஒளிப்பதிவு செய்த, எந்தத் தவறிலும் பங்கில்லாத சாதாரண ஊழியர்கள்தான் அந்தச் சரிவின் சுமையைத் தாங்கினார்கள்.

வெளியிட்ட எண்ணைச் சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் வெளியீடே பொய்க்குக் கேடயமாகிவிடும். ஆர்டிஈயில் பட்டியல் இருந்தது. அந்தத் தொகை என்ன வேலைக்கு, எந்தக் கணக்கிலிருந்து, யார் கையெழுத்தில் போனது என்ற விவரம் பட்டியலுக்குப் பின்னால் இல்லை.

இதே ஓட்டை வேறு வடிவில் லண்டனிலும் உண்டு. உரிமக் கட்டணத்திலிருந்து நேரடியாகப் போகும் ஊதியத்தையே பிபிசி பட்டியலிட வேண்டும். தனியார் தயாரிப்பு நிறுவனங்கள் வழியாகவும், 2017 முதல் வணிகப் பிரிவாக இயங்கும் பிபிசி ஸ்டூடியோஸ் வழியாகவும் போகும் ஊதியம் பட்டியலுக்கு வருவதில்லை. அடுத்த ஆண்டே சில பிரபல பெயர்கள் பட்டியலிலிருந்து மறைந்தன. பார்க்கிறவருக்கு அது அதே பிபிசி நிகழ்ச்சிதான்.

எதிர்வாதங்கள்

சந்தை நிலவரப்படி கொடுக்காவிட்டால் திறமைசாலிகள் போய்விடுவார்கள் என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. கிறிஸ் எவன்ஸ் 2018 இறுதியில் தனியார் வானொலிக்குப் போனார்; 2022இல் ஜான் சோபலும் செய்தித் தொகுப்பாளர் எமிலி மெய்ட்லிஸும் போனார்கள். சந்தைதான் காரணம் என்றால், எந்த நிறுவனம் எவ்வளவு கொடுக்க முன்வந்தது என்பதை ஒப்பந்தக் கோப்பில் எழுதட்டும். சந்தை நியாயமான காரணமாக இருக்கலாம். ஆண்களுக்கு மட்டும் அந்தச் சந்தை எப்படி எப்போதும் சூடாக இருக்கிறது என்று கேட்கும்போது கோப்பு பதில் சொல்ல வேண்டும்.

ஊதியம் அந்தரங்கம் என்பது இரண்டாவது வாதம். உயர்ந்த ஊதியம் பெறுபவரின் தொகையைச் சரியாகச் சொல்லாமல் இடைவெளிகளில் சொல்வது இதற்கு நல்ல தீர்வு. 2017இல் 50,000 பவுண்டு இடைவெளிகளில் சொன்னார்கள். பின்னர் அதைச் சுருக்கினார்கள். கீழ்மட்ட ஊழியரின் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆனால் தன் ஊதியத்தைச் சக ஊழியரிடம் சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். ஊதியப் பாகுபாடு உண்டா என்று அறிவதற்காக அப்படிப் பேசுவதை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்று பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் 77ஆம் பிரிவில் சொல்கிறது.

மூன்றாவது வாதத்தை நான் மிகுந்த மதிப்போடு கேட்கிறேன். பொது ஒலிபரப்பாளரைப் பிடிக்காத அரசும் அதன் போட்டிப் பத்திரிகைகளும் இந்தப் பட்டியலை மிரட்டும் கருவியாக்கும் என்கிறார்கள். அந்த ஆபத்து மெய்யானது. அரசைக் கேள்வி கேட்கும் தொகுப்பாளரின் சம்பளத்தை அமைச்சர் ஒருவர் மேடையில் ஏளனமாக வாசிக்கும் நாள் எந்த நாட்டுக்கும் நல்லதில்லை. அதனால்தான் எதை, எப்போது, எந்த அளவில் வெளியிடுவது என்பது சாசனத்திலும் சட்டத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும் என்கிறேன். அமைச்சரின் விருப்பத்துக்கு அதில் இடம் இருக்கக் கூடாது. சரிபார்ப்பவர் சுதந்திரமான தணிக்கையாளராக இருக்க வேண்டும். காரணங்களை ஒழுங்காக எழுதிவைத்திருக்கும் நிறுவனத்தை மிரட்டுவது கடினம்.

நம் நாட்டில்

இந்தியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி உரிமக் கட்டணத்தில் நடப்பதில்லை. அரசு நிதி அதன் பெரும் ஆதாரம். அதை அமைப்பதற்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்து, ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் அதன்கீழ் வந்தன. அதன் கணக்கைத் தணிக்கை செய்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையர். பிரிட்டனுக்கு இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் அலுவலர், ஊழியர் ஒவ்வொருவரின் மாத ஊதியத்தையும், ஊதியம் வழங்கும் முறையையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. யாரும் மனுப்போடத் தேவையில்லை.

நிரந்தர ஊழியரின் ஊதியம் ஊதியக் குழுவின் அட்டவணைப்படி நடக்கிறது. அதில் மர்மம் இல்லை. கவனிக்க வேண்டிய இடம் அட்டவணைக்கு வெளியே இருப்பவர்கள்: ஒப்பந்தத் தொகுப்பாளர்கள், வெளித் தயாரிப்பாளர்கள், பணிக்கு இவ்வளவு என்று வாங்கும் தற்காலிக அறிவிப்பாளர்கள். ஒரே நிலையத்தில், ஒரே ஒலிவாங்கியின் முன் உட்காரும் இருவருக்கு வெவ்வேறு தொகை என்றால், அதற்கான காரணத்தை நிலையத்தின் கோப்பு சொல்ல வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நம் அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவில் வழிகாட்டு நெறியாகவே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒன்று, உயர் ஊதியம் தீர்மானமாகும் நாளிலேயே அதற்கான காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும். ஒத்த வேலை செய்யும் மற்றவர்களின் ஊதியத்தோடு ஒப்பிட்ட குறிப்பு அதில் இருக்க வேண்டும். இரண்டு, பணம் எந்த வழியாகப் போனாலும், அது துணை நிறுவனமோ தயாரிப்பு நிறுவனமோ பண்டமாற்றுக் கணக்கோ, பொதுப்பணத்தில் ஓடும் நிகழ்ச்சி என்றால் கணக்கில் வர வேண்டும். மூன்று, ஒப்பந்தங்களை நேரில் பார்க்கும் அதிகாரம் சுதந்திரத் தணிக்கையாளருக்கு வேண்டும். நான்கு, சக ஊழியரோடு ஒப்பிட்டுக் கேட்பவருக்குக் குறித்த கெடுவுக்குள் பதில் கிடைக்க வேண்டும்.

2018 ஜனவரியில் பிபிசியின் ஆறு ஆண் தொகுப்பாளர்கள் தங்கள் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அவர்களின் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் சமத்துவம் ஒருவரின் பெருந்தன்மையை நம்பி நிற்கக் கூடாது. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸோயி பால் 13.6 லட்சம் பவுண்டோடு இரண்டாம் இடத்துக்கு வந்தார். அந்த மாற்றத்துக்குப் பின்னால் மடல் எழுதிய பெண்களும், தீர்ப்பாயப் படியேறிய பெண்களும், தங்கள் சம்பளத்தைத் தோழியரிடம் துணிந்து சொன்ன பெண்களும் இருக்கிறார்கள்.

நாளை செய்தி அறைகளுக்குப் போகவிருக்கும் மாணவர்களே, ஊராட்சிச் சாலை ஒப்பந்தத்தில் ஏன் இந்தத் தொகை என்று கேட்பது உங்கள் தொழில். அதே கேள்வியை உங்கள் நிறுவனத்தை நோக்கியும் கேளுங்கள். தன் கணக்கைத் திறந்து காட்டும் நிறுவனத்துக்குத்தான் பிறர் கணக்கைக் கேட்கும் தகுதி இருக்கிறது. கட்டணம் கட்டிய குடிமக்கள் பொது ஒலிபரப்பை நம்புவதற்கு அந்தத் தகுதியே அடிப்படை.